உந்துவிசை எங்கே தள்ளுகிறது? – ஜெட் எஞ்சினுக்குள் ஓர் இயக்க விதிப் பாடம்

பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் பாடம் முடிந்ததும், "ஜெட் விமானம் எப்படி முன்னே போகிறது?" என்று கேட்டால் வகுப்பே கை தூக்கும். "வாயு பின்னால் போகிறது, விமானம் முன்னால் போகிறது, நியூட்டனின் மூன்றாம் விதி" என்று பதில் வரும். பதில் சரிதான். தேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அதோடு நிறுத்தாமல் இன்னொரு கேள்வியும் கேட்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்: "அந்த முன்னோக்கிய விசை எஞ்சினின் எந்தப் பாகத்தின் மீது விழுகிறது? படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள்."

உடனே வகுப்பு அமைதியாகிவிடும். சிலர் பின்பக்கக் குழாயைக் காட்டுவார்கள். சிலர், வெளியே போகும் வாயு வெளிக்காற்றை உதைக்கிறது என்பார்கள். ஒரு மாணவன் நேராகவே கேட்டான்: "வாயுதான் வெளியே போயிடுச்சே சார், அப்புறம் அது எப்படி எஞ்சினைத் தள்ளும்?"

நியாயமான கேள்வி. விசை என்று சொன்னால் அது ஒரு பொருளின் மீது, ஓர் இடத்தில் செயல்பட்டாக வேண்டும். அந்த இடத்தைக் காட்டத் தெரியாதவரை மூன்றாம் விதி மனப்பாட வாக்கியமாகவே நிற்கும். இடத்தைத் தேடிப் போனால் அழுத்தம், பரப்பு, தொகுபயன் விசை, வெப்ப விரிவு என்று நாம் தனித்தனியாக நடத்தும் பாடங்கள் எல்லாம் ஒரே எஞ்சினுக்குள் கைகோத்து நிற்பதைக் காணலாம். இரண்டு பாடவேளைகளில் இதை நடத்தும் முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பலூனில் தொடங்குவோம்

இது ஐந்தாம் வகுப்பிலும் செய்யக்கூடியது. பலூனை ஊதி, வாயைப் பிடித்துக்கொண்டு, அதன் படத்தைக் கரும்பலகையில் வரையுங்கள். உள்ளே இருக்கும் காற்று எல்லாத் திசையிலும் சுவரைத் தள்ளுகிறது. அதை அம்புக்குறிகளால் காட்டுங்கள். இடப்பக்கத் தள்ளலும் வலப்பக்கத் தள்ளலும் சமம். மேலும் கீழும் சமம். பலூன் நகராது.

இப்போது வாயைத் திறந்துவிடுங்கள். வாய் இருக்கும் இடத்தில் சுவர் இல்லை. அங்கே தள்ளுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் வாய்க்கு நேர் எதிரே உள்ள சுவரில் காற்று தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லை. பலூன் அந்தப் பக்கமாகப் பறக்கிறது. ஆக, பலூனைத் தள்ளுவது வெளியே போய்விட்ட காற்று அல்ல. உள்ளே இருந்தபடி முன்சுவரை அழுத்தும் காற்று. மேலே சொன்ன மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்.

எஞ்சினின் பாகங்கள்

டர்போஜெட் எஞ்சினை நீளவாக்கில் வெட்டிய படத்தை வரைந்துகொள்வோம். முன்னால் கம்ப்ரஸர், அதில் வரிசை வரிசையாகச் சுழலும் அலகுகள் காற்றை அமுக்குகின்றன. அடுத்து எரியறை, எரிபொருள் இங்கே எரிகிறது. அதற்குப் பின் டர்பைன்; சூடான வாயு இதன் அலகுகளைச் சுழற்றுகிறது. கடைசியில் குறுகிக்கொண்டே போகும் வெளியேற்றுக் குழல், அதாவது நாசில். டர்பைனும் கம்ப்ரஸரும் ஒரே தண்டில் பொருத்தப்பட்டவை. பின்னால் உள்ள டர்பைன் சுழன்று, முன்னால் உள்ள கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம்?

கம்ப்ரஸருக்கு முன்னால் சாதாரணக் காற்று, பின்னால் அமுக்கப்பட்ட காற்று. பின்பக்கம் அழுத்தம் அதிகம். எனவே கம்ப்ரஸர் முன்னோக்கித் தள்ளப்படுகிறது.

எரியறையின் முன்பக்கம் பலூனின் முன்சுவர் போன்றது. இங்கும் விசை முன்னோக்கியதே.

டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் மிகுந்த வாயு. அலகுகளைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. எனவே டர்பைன் பின்னோக்கித் தள்ளப்படுகிறது.

நாசில் குறுகலானது. வாயு அதன் சாய்ந்த சுவரை அழுத்துவதால் அதன் மீதும் பின்னோக்கிய விசையே.

இந்த இடத்தில் மாணவர்கள் வியப்பார்கள். வாயு பீறிட்டுப் பாயும் பின்பகுதிதான் விமானத்தை முன்னே தள்ளுகிறது என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அந்த நாசில் பின்னோக்கித்தான் தள்ளப்படுகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

ஒற்றைத் தண்டு கொண்ட ஒரு டர்போஜெட் எஞ்சினுக்கான விசைக் கணக்கை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் பயிற்சி நூலில் தருகிறது. அதில் பவுண்டில் உள்ள அளவுகளைக் கிலோகிராம் எடையாக மாற்றித் தருகிறேன்.

முன்னோக்கிய விசைகள்:
கம்ப்ரஸர் – 8,640
கம்ப்ரஸரை அடுத்த விரிகுழாய் – 992
எரியறை – 15,505
டர்பைனுக்குப் பின் உள்ள வெளியேற்றப் பகுதி – 1,097
மொத்தம் – 26,234

பின்னோக்கிய விசைகள்:
டர்பைன் – 18,639
நாசில் – 2,534
மொத்தம் – 21,173

வேறுபாடு: 5,061 கிலோ. விமானத்துக்குக் கிடைக்கும் உந்துவிசை இதுதான். நியூட்டனில் ஏறக்குறைய 49,600.

இந்தக் கழித்தலை மாணவர்களே செய்யட்டும். செய்து முடித்ததும் ஒரு கேள்வி: "விமானத்துக்குக் கிடைப்பது 5 டன். எஞ்சினுக்குள் நடக்கும் தள்ளுமுள்ளு எத்தனை டன்?" ஒரு பக்கம் 26 டன், மறுபக்கம் 21 டன். தொகுபயன் விசை சிறியது என்பதால் உள்ளே இருக்கும் விசைகளும் சிறியவை என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஒரு கருத்துக்காகவே இந்தக் கணக்கை நான் விடாமல் நடத்துகிறேன்.

இவ்வளவு பெரிய விசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு அழுத்தப் பாடத்துக்குப் போங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டின் பரப்பு ஏறக்குறைய 2,827 சதுர செ.மீ. அதன் இரு பக்கங்களுக்கும் இடையே சதுர செ.மீ.க்கு 1 கிலோ, அதாவது சுமார் ஒரு வளிமண்டல அளவு அழுத்த வேறுபாடு இருந்தாலே விசை 2,800 கிலோவைத் தாண்டிவிடும். வேறுபாடு 5 மடங்கானால் 14 டன்.

தண்டில் ஒரு கயிறு இழுக்கும் போட்டி

இனி தண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்போம். அதன் ஒரு முனையில் கம்ப்ரஸரின் சுழலும் பகுதி. அது முன்னே போகத் துடிக்கிறது. மறுமுனையில் டர்பைன்; அது பின்னே போகத் துடிக்கிறது. இடையில் உள்ள தண்டு, கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு படும் பாட்டைப் படுகிறது. இரு இழுப்புகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் விசையைத் தாங்கித் தண்டை அதன் இடத்தில் நிறுத்துவது ஒரு பேரிங். தண்டின் அச்சு வழியாக வரும் விசையைத் தாங்குவதால் இதை உந்துவிசைத் தாங்கி என்று சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை: மேலே உள்ள பட்டியலில் 18,639இலிருந்து 8,640ஐக் கழித்து, பேரிங் மீதான சுமை இதுதான் என்று சொல்லிவிடக் கூடாது. அந்த எண்களில் சுழலும் அலகுகளின் மீதான விசையும், உறையில் பொருத்தப்பட்ட அசையாத அலகுகளின் மீதான விசையும் சேர்ந்தே உள்ளன. அசையாத பகுதியின் பங்கு பேரிங்குக்கு வராமல் நேராக உறைக்குப் போய்விடும்.

செயல்பாடு: ஆய்வகத்திலிருந்து மூன்று சுருள்வில் தராசுகள், ஒரு சாவி வளையம், கொஞ்சம் நூல் எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தை நடுவில் வைத்து, இடப்பக்கம் ஒரு மாணவர் 10 நியூட்டன் விசையுடன் இழுக்கட்டும். வலப்பக்கம் இன்னொருவர் 8 நியூட்டன் விசையுடன் இழுக்கட்டும். வளையம் நகராமல் இருக்க மூன்றாமவரும் வலப்பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அவருடைய தராசு காட்டுவது 2 நியூட்டன் மட்டுமே. அவர்தான் பேரிங். இப்போது 8 நியூட்டன் இழுப்பவரின் நூலைக் கத்தரியுங்கள். இடப்பக்கத்தவர் இழுப்பைத் தளர்த்தாமல் இருந்தால், மூன்றாமவர் 10 நியூட்டனையும் ஒற்றையாளாகத் தாங்க வேண்டும். தராசின் முள் தாவுவதை எல்லாரும் பார்ப்பார்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

இந்த மிச்ச விசையைத் தேவையான அளவுக்குக் கொண்டுவர வடிவமைப்பாளர்கள் ஓர் உத்தியைக் கையாளுகிறார்கள். தண்டோடு சுழலும் ஒரு வட்டின் ஒரு பக்கத்தில் கம்ப்ரஸரிலிருந்து எடுத்த அழுத்தமான காற்றையும், மறுபக்கத்தில் அழுத்தம் குறைந்த காற்றையும் வைக்கிறார்கள். வட்டின் பரப்பையும் அழுத்தத்தையும் பொறுத்து வேண்டிய அளவு விசை, வேண்டிய திசையில் கிடைக்கும். விசை என்பது அழுத்தமும் பரப்பும் பெருக்கி வருவது, அதே சூத்திரம்தான்.

குண்டும் உருளையும்

அடுத்த பாடவேளைக்கு முன், பக்கத்து மெக்கானிக் கடையிலோ மோட்டார் காயில் கட்டும் கடையிலோ கழித்துப் போட்ட பேரிங்குகள் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று குண்டு பேரிங். மற்றொன்று நேரான உருளைகள் கொண்டது. உள்வளையம் வழுக்கி வெளியே வரக்கூடிய உருளை பேரிங்காகக் கேளுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.

குண்டு பேரிங்கின் வெளிவளையத்தை மேசையில் அழுத்திப் பிடித்து, உள்வளையத்தைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். நகராது. குண்டுகள் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் அச்சு வழியாக வரும் விசையையும் தாங்கும். உருளை பேரிங்கில் அதையே செய்தால் உள்வளையம் நழுவி வந்துவிடும். அது மேலிருந்து வரும் எடையை நன்றாகத் தாங்கும். அச்சுவழித் தள்ளலைத் தாங்காது.

ஜெட் எஞ்சினின் தண்டுகளில் பொதுவாக இரண்டு வகையும் உண்டு. ஓரிடத்தில் குண்டு பேரிங். மற்ற இடங்களில் உருளை பேரிங். "எல்லா இடத்திலும் குண்டு பேரிங் போட்டால் இன்னும் பலமாக இருக்காதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். விடையை வெப்பப் பாடத்திலிருந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். 2 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் எவ்வளவு நீளும்? எஃகின் நீள்விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு 0.000012 என்று கொண்டால் 7.2 மி.மீ. இரு முனைகளையும் இறுகப் பிடித்துவிட்டால் அந்த 7 மி.மீ. எங்கே போகும்? ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, மற்ற இடங்களில் நழுவ விடுவதுதான் வழி. தண்டவாளத்திலும் பாலத்திலும் இடைவெளி விடுவதன் அதே காரணம்.

சுமை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

குண்டு பேரிங்கின் ஆயுள், சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் விதி. சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. சுமை மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. கணித ஆசிரியர்கள் எதிர்விகிதத்தையும் அடுக்குகளையும் நடத்தும்போது இதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சுமையைச் சுழியமாக்கிவிட்டால் பேரிங் என்றென்றைக்கும் உழைக்குமா? இல்லை. குண்டு உருள வேண்டுமென்றால் அது வளையத்தோடு அழுந்தி இருக்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் குண்டு உருளாமல் வழுக்கும். வழுக்கினால் எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். எனவே எஞ்சின் இயங்கும் நிலைகளில் ஓரளவு சுமை ஒரே திசையில் இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். மழைநீர் தேங்கிய தரையில் செருப்பு வழுக்குவதை நினைவூட்டினால், உராய்வு எப்போதும் பகையல்ல என்பதும் புரியும்.

பேரிங் தேய்கிறதா என்று பார்க்க எண்ணெய் ஓடும் பாதையில் ஒரு காந்தத்தை வைக்கும் முறையும் உண்டு. தேய்ந்து விழும் எஃகுத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். காந்தப் பாடத்துக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

தலைக்கு மேலே ஒரு மாதிரி

வகுப்பறையின் மின்விசிறியையும் விட்டுவிட வேண்டாம். விசிறி நிற்கும்போது, சுழலும் பகுதியின் எடை முழுவதையும் அதன் பேரிங் அச்சு வழியாகத் தாங்குகிறது. ஓடும்போது விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று விசிறியை மேலே தள்ளுகிறது. எவ்வளவு? 1,200 மி.மீ. விசிறியின் வட்டப் பரப்பு சுமார் 1.13 சதுர மீட்டர். காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொண்டால், நொடிக்கு 3.4 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 4 கிலோ காற்று. ஒரு நொடியில் மாறும் உந்தம் 4 × 3 = 12. விசை 12 நியூட்டன். ஏறக்குறைய 1.2 கிலோ எடை அளவுக்குப் பேரிங் மீதான சுமை குறைகிறது. பயணிகள் விமானங்களில் இன்று பயன்படும் டர்போஃபேன் எஞ்சின்களில் முன்னால் தெரியும் பெரிய விசிறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. உந்துவிசையின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது.

சமநிலை குலைந்தால்

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32 என்ற ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 469 பேர் இருந்தார்கள். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது அதன் நான்கு எஞ்சின்களில் ஒன்று சிதறியது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து கண்ட காரணம் மிகச் சிறியது. பேரிங் இருக்கும் பகுதிக்கு எண்ணெய் கொண்டு செல்லும் ஒரு சிறு குழாய். அதன் உட்துளை மையம் விலகிக் குடையப்பட்டிருந்ததால் சுவர் ஒரு பக்கம் மெலிந்துவிட்டது. அங்கே விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து, தீப்பற்றியது. சூட்டில் ஒரு டர்பைன் வட்டு தண்டிலிருந்து பிரிந்தது.

அதன்பின் நடந்ததை மாணவர்களே சொல்லட்டும். டர்பைனுக்குக் கம்ப்ரஸரைச் சுழற்றும் சுமை இனி இல்லை. வாயுவோ தொடர்ந்து தள்ளுகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது சைக்கிள் செயின் கழன்றால் பெடல் எப்படிச் சட்டென்று வெறுமையாகச் சுற்றுமோ அப்படி வட்டின் வேகம் எல்லை மீறியது. வட்டு உடைந்து, துண்டுகள் இறக்கையைத் துளைத்துக்கொண்டு போயின. விமானிகள் பல கருவிகள் பழுதான நிலையிலும் விமானத்தைச் சிங்கப்பூருக்கே திருப்பி இறக்கினார்கள். விமானத்தில் இருந்த ஒருவருக்கும் காயமில்லை.

கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் கையை விட்டால் என்ன ஆகும் என்பதை நூலைக் கத்தரித்து ஏற்கெனவே பார்த்த மாணவர்களுக்கு இந்த நிகழ்வு வெறும் செய்தியாக இருக்காது. துளையிடுவதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விலகல் எத்தனை உயிர்களோடு தொடர்புடையது என்பதையும் உணர்வார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று தொழில் கற்கப் போகும் நம் மாணவர்களுக்கு இது சென்று சேர வேண்டிய செய்தி.

விசையின் பாதை

நிறைவாக, விசை விமானத்தைச் சென்றடையும் பாதையை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். சுழலும் பகுதியின் மிச்ச விசை: தண்டு, பேரிங்கின் உள்வளையம், குண்டுகள், வெளிவளையம், பேரிங் கூடு, எஞ்சின் உறை. எரியறையும் அசையாத அலகுகளும் தங்கள் பங்கை நேராக உறையில் சேர்க்கின்றன. உறையிலிருந்து எஞ்சினைத் தாங்கும் பிடிமானம், இறக்கை, விமானத்தின் உடல், இருக்கை. பயணியின் முதுகை அழுத்தும் இருக்கையில் அந்தப் பாதை முடிகிறது.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்:

1. கம்ப்ரஸரும் டர்பைனும் ஒரே திசையில் சுழல்கின்றன. ஆனால் அவற்றின் மீதான அச்சுவழி விசைகள் எதிரெதிர்த் திசையில் உள்ளன. ஏன்?
2. நாசில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது என்றால், அதைக் கழற்றிவிட்டால் உந்துவிசை கூடுமா? (கூடாது. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதும், வாயுவின் வேகத்தைக் கூட்டுவதும் நாசில்தான். அது போனால் மற்ற பாகங்களின் மீதான விசைகளும் மாறிவிடும்.)
3. மேலே தந்த பட்டியலில் டர்பைன் மீதான விசை 1,000 கிலோ கூடி, மற்றவை மாறாமல் இருந்தால் உந்துவிசை எவ்வளவு?
4. ஒரு பேரிங்கின் சுமை பாதியாகக் குறைந்தால் அதன் ஆயுள் எத்தனை மடங்காகும்?
5. உங்கள் வீட்டில் அச்சு வழியாகச் சுமை தாங்கும் பேரிங் உள்ள ஒரு பொருளைக் கண்டுபிடித்து, விசையின் திசையை அம்புக்குறியிட்டு வரைக.

ஐந்தாவது வினாவை வீட்டு வேலையாகக் கொடுங்கள். விடைத்தாளைத் திருத்தும்போது பெயரைவிட அம்புக்குறி எந்தப் பொருளின் மீது தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அது சரியாக இருந்தால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.